ரோஸ்ட் செய்த பன்றிக்கறிக்கு எந்த ஒயின்?

முழுத் துண்டாக ஓவனில் ரோஸ்ட் செய்த பன்றிக்கறியை விருந்துக்கு வைக்கப்போகிறோம். கூட எந்த ஒயினை வாங்குவது, வெள்ளையா சிவப்பா? இதுதான் கேள்வி.

இரண்டும் சேரும். மீனுக்கு வெள்ளை, மாட்டுக்கறிக்குச் சிவப்பு என்ற பழைய கணக்கு இங்கே பாதிதான் உதவும். பன்றிக்கறி அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சதையின் ருசி மென்மையானது, லேசான இனிப்பும் உண்டு. ஆனால் கொழுப்பும் உப்பேறிய தோலும் கனமானவை. ஆகவே நிறத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் மூன்றைப் பாருங்கள்: துண்டில் கொழுப்பு எவ்வளவு, மேலே என்ன தடவியிருக்கிறது, தட்டில் பக்கத்தில் என்ன சாஸ் வருகிறது. மூன்றிலும் சாஸுக்குத்தான் பலம் அதிகம். அதே கறிக்கு ஆப்பிள் சாஸ் வைத்தால் ஒரு ஒயின், கடுகு சாஸ் வைத்தால் வேறு ஒயின்.

என்ன சமைக்கப்போகிறார்கள் என்றே தெரியாமல் ஒரு பாட்டில் மட்டும் வாங்க வேண்டிய நிலை என்றால், ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து வரும், லேசாக இனிப்பு தங்கிய ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை எடுங்கள். சிவப்புதான் வேண்டும் என்றால் பிரான்சின் போஜோலே பகுதியில் காமே திராட்சையில் செய்யும் போஜோலே க்ரூ. இந்த இரண்டும் ஏறக்குறைய எந்தப் பன்றி ரோஸ்டோடும் சண்டை போடாது. காரணம் புரிந்துவிட்டால் மற்ற பாட்டில்களையும் நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம்.

முதல் காரணம் கொழுப்பு. பன்றிக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும். வாயில் வைத்ததும் உருகி நாக்கு முழுக்கப் படர்ந்துவிடும். முதல் இரண்டு வாய் அமிர்தமாக இருக்கும். ஐந்தாவது வாயில் திகட்ட ஆரம்பிக்கும். அந்தத் திகட்டலை அறுப்பது புளிப்பு. புளிப்பு பட்டதும் எச்சில் ஊறுகிறது, ஊறிய எச்சில் கொழுப்புப் படலத்தைக் கழுவி இறக்குகிறது, நாக்கு அடுத்த வாய்க்குத் தயாராகிவிடுகிறது. குளிர்ப் பிரதேசத்து ரீஸ்லிங்கில் லிட்டருக்கு 7 முதல் 9 கிராம் வரை அமிலம் இருப்பது சாதாரணம். வெயில் மிகுந்த இடத்தில் நன்றாகப் பழுத்த திராட்சையில் புளிப்பு இறங்கி, ஆல்கஹால் ஏறிவிடும். அப்படிப்பட்ட ஒயின் கொழுப்போடு சேர்ந்தால் இரண்டும் வாயில் கனத்துக் கிடக்கும்.

இரண்டாவது துவர்ப்பு. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின்தான் அந்தத் துவர்ப்பைத் தருகிறது. பால் விடாத கெட்டித் தேநீரைக் குடித்தால் ஈறு இழுப்பதுபோல் ஆகுமே, அதே சங்கதி. டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு எச்சிலின் வழுவழுப்பைப் பறித்துவிடுகிறது. பாதி வெந்த, சாறு சொட்டும் மாட்டுக்கறி அந்தத் துவர்ப்பைத் தாங்கும். கறியின் ருசிக்கும் அதற்கு ஈடான கனம் இருக்கிறது. பன்றியின் முதுகுத் துண்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது. துவர்ப்பு மிகுந்த இளம் கேபர்னே சோவிஞானை அதற்குப் பக்கத்தில் வைத்தால், கறி ருசியில்லாத நார்போலவும் ஒயின் மரத்தூள்போலவும் ஆகிவிடும். இரண்டும் தனித்தனியே நல்ல பொருட்கள்தான். சேர்க்கை தவறு.

மூன்றாவது உப்பு. நல்ல செய்தி இது. உப்பு கசப்பை அடக்கி, ஒயினில் உள்ள பழ வாசனையைத் தூக்கிக் கொடுக்கும். பொரிந்த தோல் ஒரு துண்டைக் கடித்துவிட்டு நுரைக்கும் ஒயினைக் குடிப்பவர்கள் முகம் மலர்வது இதனால்தான்: உப்பு, மொறுமொறுப்பு, கொழுப்பு மூன்றுக்கும் புளிப்பும் குமிழியும் எதிரெதிரே நின்று பதில் சொல்கின்றன.

இதை நம்ப வேண்டாம், நாக்கில் சோதித்துப் பாருங்கள். ஒயினைத் திறந்து ஒரு வாய் மட்டும் குடியுங்கள். பிறகு கறி, தோல், சாஸ் மூன்றும் ஒரே வாயில் வரும்படி ஒரு துண்டு சாப்பிடுங்கள். விழுங்கி மூன்று விநாடி கழித்து மறுபடி ஒரு வாய் ஒயின். இந்த இரண்டாவது வாயில்தான் தீர்ப்பு இருக்கிறது. ஒயின் முன்பைவிடப் புளித்தோ கசந்தோ தண்ணீராகவோ தெரிந்தால் பொருத்தம் சரியில்லை. பழ வாசனை கூடி, வாய் சுத்தமாகி, கறியின் இனிப்பு மறுபடி நாக்கில் எழும்பினால் சரியான பாட்டில் கையில் இருக்கிறது. சாஸை விட்டுவிட்டு வெறும் கறியோடு சோதிப்பது வீண் வேலை.

இனி துண்டு வாரியாக.

முதுகுத் துண்டிலும் அதனுள்ளே இருக்கும் டெண்டர்லாயினிலும் கொழுப்பு குறைவு. இங்கே அறுத்தெடுக்கப் பெரிய கொழுப்பு இல்லை என்பதால் புளிப்பு உறுத்தாத, மென்மையான ஒயின் ஒத்துப்போகும்: பர்கண்டியின் மாக்கோன் பகுதி ஷார்டனே, அல்சாஸ் பினோ கிரி, தென்னாப்பிரிக்க ஷெனின் ப்ளாங், சிவப்பில் மென்மையான பினோ நுவார். கறியை எந்தச் சூட்டில் எடுக்கிறீர்கள் என்பதும் ஒயினைப் பாதிக்கும். உள்ளே 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்துக் குறைந்தது 3 நிமிடம் ஆறவைப்பது முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு. அந்த அளவில் நடுப்பகுதி லேசான ரோஜா நிறத்தில், சாறோடு இருக்கும். 75 டிகிரி தாண்டினால் சாறு வற்றிவிடும்; வற்றிய கறிக்குப் பக்கத்தில் கொஞ்சம் துவர்ப்பும் பெரிதாகத் தெரியும். கறி அதிகம் வெந்துவிட்டது என்று தெரிந்தால், திறக்க நினைத்த சிவப்பை வைத்துவிட்டு வெள்ளைக்குப் போங்கள். பாத்திரத்துச் சாற்றையும் தாராளமாக ஊற்றிப் பரிமாறுங்கள்.

தோள்பட்டை வேறு ரகம். இணைப்புத் திசுவும் கொழுப்பும் நிறைய. மெதுவாக 90 டிகிரிக்கு மேல் உள்சூடு ஏறும்வரை வைத்தால் கைபட்டதும் பிரிந்து வரும். ருசியும் அழுத்தமானது. சிவப்பு ஒயினுக்கு உண்மையான இடம் இங்கேதான். கிரனாஷ் திராட்சை அதிகம் கலந்த பிரான்சின் ரோன் பகுதிச் சிவப்பு, ஸ்பெயினின் ரியோஹா க்ரியான்ஸா, இத்தாலியின் பார்பேரா எல்லாம் பொருந்தும். அதிலும் பார்பேராவைத் தனியாகச் சொல்ல வேண்டும். புளிப்பு மிகுந்து துவர்ப்பு குறைந்து இருப்பது சிவப்பு ஒயினில் அபூர்வம். பார்பேராவின் இயல்பே அதுதான். அதாவது வெள்ளை ஒயின் செய்யும் வேலையைச் சிவப்பு நிறத்தில் செய்து கொடுக்கும். புது ஓக் பீப்பாயில் ஊறாத, எளிய பார்பேரா தஸ்தி போதும்.

வயிற்றுத் துண்டில் பாதிக்குப் பாதி கொழுப்பு. இதற்குக் கூர்மையான புளிப்பு வேண்டும், தயங்கவே வேண்டாம். ரீஸ்லிங், லுவார் பள்ளத்தாக்கின் ஷெனின் ப்ளாங், இனிப்பு மிகக் குறைந்த ப்ரூட் வகை ஷாம்பெயின், அதைவிட விலை குறைந்த நுரைக்கும் ஒயின்களான க்ரெமோன் அல்லது காவா. சிவப்பு வேண்டும் என்றால் லாம்ப்ருஸ்கோ. இத்தாலியின் எமிலியா பகுதியில் பன்றிக் கொழுப்பில் செய்த பண்டங்களோடு இந்த நுரைக்கும் சிவப்பைக் குடிப்பது காலங்காலமாக வந்த வழக்கம். குமிழியும் புளிப்பும் கொழுப்பைத் துடைத்து எடுத்துவிடும். லேபிளில் ‘செக்கோ’ (இனிப்பில்லாதது) என்று இருக்கட்டும். ‘அமாபிலே’ என்றிருந்தால் இனிப்பு. சொர்பாரா ரகம் வெளிறிய நிறமும் கூடுதல் புளிப்பும் கொண்டது, வயிற்றுத் துண்டுக்கு அதுவே தோது. க்ராஸ்பரோஸ்ஸா ரகம் அடர்ந்தது, கொஞ்சம் துவர்க்கும். அதைத் தோள்பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பால்குடிக் குட்டியை முழுதாகச் சுடும் ஊர்களில் உள்ளூர் ஒயினே வழிகாட்டி. போர்ச்சுகலின் பைராடா பகுதி ‘லெய்டாவ்’ எனப்படும் குட்டிப்பன்றி ரோஸ்டுக்குப் பேர்போனது. பூண்டும் மிளகும் தடவி, தோல் கண்ணாடிபோல் உடையும்வரை சுடுவார்கள். அதே பகுதி நுரைக்கும் ஒயினுக்கும் பெயர்பெற்றது, இரண்டையும் சேர்த்தே பரிமாறுகிறார்கள். ஸ்பெயினின் செகோவியாவில் அதே குட்டிப்பன்றிக்கு ரிபேரா டெல் துவேரோவின் சிவப்பைத் திறப்பார்கள். அங்கே மசாலா கிடையாது, உப்பும் தண்ணீரும் பன்றிக்கொழுப்பும்தான். அதனால் சிவப்புக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் பீப்பாயில் குறைவாக இருந்த இளம் ஒயினாகப் பார்த்து எடுப்பது நல்லது.

தட்டில் பக்கத்தில் வருவதுதான் பெரும்பாலும் கவிழ்க்கிறது

ஆப்பிள் சாஸ், தேன் பூச்சு, கொடிமுந்திரி (உலர்ந்த ப்ளம் பழம்), ஆரஞ்சு என்று பன்றிக்கறியோடு இனிப்பு சேராத சமையல் குறைவு. இனிப்புக்கு ஒரே விதி: தட்டில் இருக்கும் இனிப்பைவிட ஒயினின் இனிப்பு குறையக் கூடாது. ஒரு ஸ்பூன் ஆப்பிள் சாஸை வாயில் போட்டுவிட்டு, இனிப்பே இல்லாத வெள்ளை ஒயினைக் குடித்துப் பாருங்கள். ஒரு நிமிடம் முன்பு பழ வாசனையோடு இருந்த அதே ஒயின் இப்போது எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர்போல் பல்லைக் கூச வைக்கும். சிவப்பாக இருந்தால் கசப்பும் துவர்ப்பும் முன்னால் வந்து நிற்கும். ஒயினில் எதுவும் மாறவில்லை. இனிப்புக்குப் பழகிய நாக்கு அதில் இருக்கும் கொஞ்சநஞ்ச இனிப்பையும் காணாமல் போகச் செய்துவிட்டது.

இதற்குத்தான் மோசல் ரீஸ்லிங்கில் லேசான ரகமான கபினெட். ஆல்கஹால் 8 அல்லது 9 சதவீதம்தான், இனிப்பு இருக்கும், ஆனால் அந்த இனிப்பை முழுக்கத் தாங்கிப் பிடிக்கும் புளிப்பும் இருக்கும். அதனால் குடித்து முடித்ததும் பிசுபிசுப்பு தங்காது. ‘இனிப்பு ஒயின் நமக்கு ஆகாது’ என்று சொல்பவர்களுக்கும் ஆப்பிள் சாஸோடு கொடுத்துப் பாருங்கள். பாதி இனிப்பை சாஸ் விழுங்கிவிடுவதால் அவர்கள் நாக்குக்கு அது ஏறக்குறைய இனிப்பில்லாத ஒயினாகவே தெரியும். பிரான்சின் தூர் நகரத்துப் பழைய சமையலில் பன்றிக்கறியைக் கொடிமுந்திரியோடும் க்ரீமோடும் சமைத்து, அருகிலேயே விளையும் வூவ்ரே ஒயினில் ‘தெமி செக்’ வகையோடு உண்பார்கள். ஷெனின் திராட்சையில் செய்த அந்த ஒயினில் மெல்லிய இனிப்பும் தேன், சீமைமாதுளை வாசனையும் உண்டு. பழமும் க்ரீமும் உப்பும் சேர்ந்த தட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்வது கடினம்.

சீன முறையில் தேன் பளபளக்கச் சுடும் சார் சியூவுக்கும் இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக. இனிப்போடு சோயாவின் உமாமி என்ற கறிச்சாறு போன்ற ருசியும் சேர்வதால் துவர்ப்புள்ள சிவப்பு கசந்துவிடும். கபினெட்டையோ அதற்கு ஒரு படி மேலான ஷ்பேட்லேஸையோ எடுங்கள். ஐந்து மசாலாவும் உப்பும் தடவித் தோலைப் பொரியவிடும் சியூ யுக் அப்படியல்ல, அதில் இனிப்பு கிடையாது. நுரைக்கும் ப்ரூட்டும் இனிப்பில்லாத ரீஸ்லிங்கும் அருமையாகச் சேரும். மசாலா என்றதும் பலரும் கெவுர்ட்ஸ்ட்ராமினரைச் சொல்வார்கள். ரோஜாவும் லிச்சிப் பழமும் மணக்கும் அந்த வாசனை ஐந்து மசாலாவோடு சேர்வது உண்மைதான், ஆனால் புளிப்பு குறைவு, ஆல்கஹால் அதிகம். கொழுப்பு குறைந்த துண்டுக்கு வையுங்கள். வயிற்றுத் துண்டுக்கு வேண்டாம்.

கடுகு, வினிகர், புளித்த முட்டைக்கோஸ் இவை வந்தால் விதி புளிப்புக்கு மாறும். தட்டு புளிக்கும்போது ஒயின் அதைவிடச் சோம்பலாக இருந்தால் சப்பென்று ஆகிவிடும். அல்சாஸில் முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் சேர்ந்த தட்டுக்கு உள்ளூர் ரீஸ்லிங்கைத் திறப்பதன் நியாயம் இதுதான். ஜெர்மனியின் ஃப்ராங்கன் பகுதி சில்வானரும் நல்ல துணை. சப்பையான வட்டப் பாட்டிலில் வருவதால் அலமாரியில் கண்டுபிடிப்பது சுலபம்.

மூலிகை பூசிய ரோஸ்டுக்குப் போனால் இத்தாலி கை கொடுக்கும். ரோஸ்மேரியும் பூண்டும் வைத்துச் சுடும் டஸ்கனி முதுகுத் துண்டுக்குக் கியாந்தி க்ளாசிக்கோ. அதில் 80 சதவீதமாவது சாஞ்ஜோவேசே திராட்சை இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திராட்சையின் புளிப்பும் காய்ந்த மூலிகை வாசனையும் ரோஸ்மேரியோடு ஒட்டிக்கொள்ளும். அதிகக் காலம் ஊறவைத்த ரிசர்வா வேண்டாம், சாதாரண க்ளாசிக்கோ போதும். முதுகுத் துண்டுக்கு அதற்குமேல் கனம் தாங்காது. மூலிகை திணித்துச் சுருட்டிச் சுடும் போர்கெட்டாவுக்கு, அதற்குப் பேர்போன ரோமுக்கு அருகிலுள்ள அரிச்சா ஊரில், பக்கத்து மலைகளின் ஃப்ராஸ்காட்டி வகை வெள்ளையைத்தான் குடிக்கிறார்கள். கருமிளகு தாராளமாகப் போட்ட ரோஸ்ட் என்றால் சிராவையோ ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லீனரையோ நினைத்துக்கொள்ளுங்கள். மிளகுக்கு மணம் தரும் ரோட்டுண்டோன் என்ற அதே பொருள் இந்த இரண்டு திராட்சையிலும் இருக்கிறது. க்ரூனர் முதுகுக்கு, சிரா தோள்பட்டைக்கு.

மிளகாய்க் காரம் வந்தால் ஆல்கஹாலைக் குறையுங்கள். 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காரத்தோடு சேர்ந்து தொண்டை எரியும், துவர்ப்பு எரிச்சலை இன்னும் ஏற்றும். குளிரவைத்த, 8 முதல் 11 சதவீத ஆல்கஹால் உள்ள, கொஞ்சம் இனிப்பான வெள்ளை பாதுகாப்பு. புகையில் சுட்டு இனிப்பு பார்பிக்யூ சாஸ் தடவியதற்கு மட்டும் பழச்சுவை மிகுந்த ஜின்ஃபண்டெல் சிவப்பு ஈடுகொடுக்கும்; சாஸில் காரம் மிஞ்சியிருந்தால் அதுவும் கூடாது.

போஜோலே க்ரூ ஏன் என்று சொல்லவில்லையே. காமே திராட்சைக்குத் துவர்ப்பு குறைவு, புளிப்பு நல்ல அளவு, சிவந்த பழ வாசனை நிறைய. பத்துக் கிராமத்து ஒயின்களுக்கு மட்டும் க்ரூ தகுதி உண்டு. அவற்றின் லேபிளில் பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான் பெரிதாக இருக்கும். போஜோலே என்று தேடினால் கண்ணில் படாமல் போகலாம். ஃப்ளூரி, ஷிரூப்ல் மென்மையானவை, முதுகுத் துண்டுக்கு. மோர்கோன், மூலான் ஆ வான் கொஞ்சம் கட்டுமஸ்தானவை, தோள்பட்டைக்கும் தொடைக்கும். பினோ நுவாரும் இதே இடத்தை நிரப்பும், காளான் சாஸ் இருந்தால் அதுவே ஒரு படி மேல். ஆனால் மலிவான பினோ நுவார் பல நேரம் சவசவவென்று இருக்கும். அதே விலைக்குக் காமே நிச்சயமாக நல்லது.

லேபிளில் எதைப் படிப்பது

ஜெர்மன் ரீஸ்லிங்கில் இனிப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஆல்கஹால் எண். 7.5 முதல் 9 வரை என்றால் இனிப்பு தெளிவாகத் தெரியும். 10, 11 என்றால் லேசாக. 12க்கு மேல் பெரும்பாலும் இனிப்பில்லாதது. சர்க்கரை ஆல்கஹாலாக மாறாமல் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கிறது. ‘ட்ரோக்கன்’ என்று எழுதியிருந்தால் இனிப்பில்லாதது. சட்டப்படி லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை, அதுவும் அமிலம் அதற்கு ஈடாக இருந்தால் மட்டும். ‘ஃபைன்ஹெர்ப்’ என்றால் நடுத்தரம். அதற்குச் சட்ட வரையறை இல்லை, ஆகவே ஆல்கஹால் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

நுரைக்கும் ஒயினில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்ற சொல்லைப் பார்த்து இனிப்பே இல்லாதது என்று எடுத்துவிடுவார்கள். உண்மையில் அது ப்ரூட்டைவிட இனிப்பு: ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 வரை, ‘செக்’ என்பதில் 17 முதல் 32 வரை. வெறும் உப்புத் தோலுக்கு ப்ரூட், பழ சாஸுக்கு எக்ஸ்ட்ரா ட்ரை என்று தெரிந்தே எடுத்தால் இரண்டும் நல்ல தேர்வுதான்.

ரியோஹாவில் க்ரியான்ஸா என்றால் குறைந்தது 2 வருடம் வயது, அதில் 1 வருடமாவது ஓக் பீப்பாயில். பீப்பாய் வாசனை புகையோடும் மிளகாய்த்தூளோடும் சேரும், ஆப்பிளோடு சேராது. ஓக் மிகுந்த ஷார்டனேவுக்கும் இதே எச்சரிக்கை: வெண்ணெய் வாசனையும் பன்றிக் கொழுப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திகட்டலை இரட்டிப்பாக்கும்.

குளிர்ச்சி, அளவு

நல்ல பாட்டிலைக்கூடக் கெடுத்துவிடுவது தவறான குளிர்ச்சி. சிவப்பை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறு என்ற வாசகம் பழைய காலத்துக் குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. 25 டிகிரியில் சிவப்பைக் குடித்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழ வாசனை மழுங்கும், கொழுப்புள்ள கறியோடு கனமாகத் தெரியும். காமே, பார்பேரா, பினோ நுவாருக்கு 13 முதல் 15 டிகிரி. ரியோஹா, கியாந்திக்கு 16 அல்லது 17. வெளியே இருந்த சிவப்பை ஃப்ரிட்ஜில் அரை மணி நேரமாவது வைத்தே மேசைக்குக் கொண்டு வாருங்கள். ரீஸ்லிங்குக்கு 8 முதல் 10 டிகிரி, ஷார்டனேவுக்கும் பினோ கிரிக்கும் 10 முதல் 12. ஃப்ரிட்ஜிலிருந்து நேராக 4 டிகிரியில் ஊற்றினால் வாசனை அடங்கிப் புளிப்பு மட்டும் நிற்கும்; கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுங்கள். அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. வெறும் ஐஸில் பாட்டிலை நட்டுவைத்தால் இடைவெளியில் காற்றுதான் இருக்கும், குளிர் மெதுவாகத்தான் ஏறும். தண்ணீர் பாட்டிலின் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்வதால் 15, 20 நிமிடத்தில் வேலை முடியும்.

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி அளவில் 5 கிளாஸ் வரும். 6 பேர் ஆளுக்கு இரண்டரை கிளாஸ் என்றால் 3 பாட்டில். அப்படி வாங்கும்போது மூன்றும் ஒரே ஒயினாக வேண்டாம்: பொரிந்த தோலைத் துண்டு துண்டாக நொறுக்கித் தனியே முன்னால் வைத்து அதோடு நுரைக்கும் ப்ரூட் ஒன்று, பிறகு கறிக்கு ரீஸ்லிங் ஒன்று, காமே ஒன்று. சாஸை அவரவர் ஊற்றிக்கொள்ளும்படி தனிக் கிண்ணத்தில் வைத்தால், சிவப்பு குடிப்பவர் ஆப்பிள் சாஸைத் தொடாமல் இருக்கலாம்.

பாத்திரத்துச் சாஸுக்கு ஊற்றும் ஒயின்

கறியை எடுத்த பிறகு ட்ரேயில் நிற்கும் கொழுப்பை வடித்து ஒரு மேசைக்கரண்டி மட்டும் விடுங்கள். அடுப்பில் ஏற்றி 150 மில்லி இனிப்பில்லாத வெள்ளை ஒயினை ஊற்றி, அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்து, பாதியாக வற்றும்வரை 3, 4 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதன் பிறகுதான் 300 மில்லி ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு). வற்றவிடாமல் ஸ்டாக்கை ஊற்றிவிட்டால் பச்சை ஆல்கஹால் வாடை சாஸில் தங்கிவிடும். வற்றும்போது ஒயினில் உள்ள துவர்ப்பும் கசப்பும் இனிப்பும் செறிவாகும் என்பதை மறக்காதீர்கள்: துவர்ப்பான சிவப்பு கசக்கும், ஓக் ஷார்டனே மரக்கசப்பு தரும், கபினெட் பாகாகிவிடும். குடிக்க வைத்திருக்கும் கபினெட்டை இதில் ஊற்ற வேண்டாம். எளிய, இனிப்பில்லாத, ஓக் படாத வெள்ளை எதுவானாலும் சரி. ஆனால் சாஸில் கடைசியாகச் சேர்க்கும் தேனோ ஜெல்லியோ ஒரு ஸ்பூன் கூடினாலும் தட்டின் இனிப்புக் கணக்கு மாறிவிடும். இனிப்பில்லாத ஒயினைத் திறக்கப்போகிறீர்கள் என்றால் அந்த ஸ்பூனைத் தவிர்த்துவிடுங்கள்.

பாட்டில் பொருந்தவில்லை என்று மேசையில் தெரிந்துவிட்டால் வேறு ஒயினைத் தேட வேண்டியதில்லை, தட்டைத் திருத்துங்கள். ஒயின் துவர்த்தால் கறித்துண்டில் இரண்டு சிட்டிகை உப்பும் சில சொட்டு எலுமிச்சையும். இனிப்பு சாஸால் ஒயின் புளித்தால் சாஸில் கொஞ்சம் கடுகு விழுதும் உப்பும். உப்பும் புளிப்பும் தட்டில் ஏறினால் ஒயின் மென்மையாகும். ஈரமான அட்டைப்பெட்டி வாடை அடித்தால் மட்டும் எதுவும் செய்வதற்கில்லை. அது கார்க் கெட்ட பாட்டில், அடுத்ததைத் திறவுங்கள். எனவேதான் விருந்தாளிகளுக்கு ஊற்றும் முன் ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து பார்ப்பது அவசியம்.

மிச்சக் கறி மறுநாள் குளிர்ந்த நிலையில் ருசி மாறிவிடும். கொழுப்பு உறைந்து நாக்கில் மெழுகுபோல் ஒட்டும், உப்பு கொஞ்சம் மங்கும். அதற்குக் கடுகு தடவி ரொட்டியில் வைத்து, நன்றாகக் குளிரவைத்த, பிரான்சின் தாவெல் பகுதி ரோஸேயோ (ரோஜா நிற ஒயின்) முந்தின நாள் மிஞ்சிய காமேயோ கொடுக்கலாம். மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்த காமே மூன்று நாள் தாங்கும், ரீஸ்லிங் ஐந்து நாள்கூடத் தாங்கும். திறந்த ப்ரூட்டுக்குத் தனி அழுத்த மூடி இல்லையென்றால் அன்றிரவே முடித்துவிடுங்கள்.